அத்தை பரிசு வாங்கிய செவ்வாய்க்கிழமை

அந்தக் கால டி.வி.யை நிறுத்தினால் படம் சட்டென்று போகாது. சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாக நின்று, சற்று நேரம் கழித்துத்தான் அணையும். ஐம்பதைத் தாண்டிய நம் போன்றவர்களுக்குத்தான் இது தெரியும். என் மகனிடம் சொன்னால், "ரிப்பேரான டி.வி.யாம்மா?" என்று கேட்கிறான். ரிப்பேர் இல்லை, அது அப்படித்தான். அந்தப் புள்ளி அணையும்வரை இமைக்காமல் பார்ப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு. ஒரே ஒரு நாள் மட்டும் அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அம்பத்தூரில் எஸ்டேட்டுக்குப் பின்பக்கம் எங்கள் தெரு. எஸ்டேட் என்றதும் தேயிலைத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளும் வெளியூர் உறவினர்கள் எல்லாருக்கும் இருந்திருப்பார்கள். இது தொழிற்பேட்டை. ஷிப்டு மாறக் காலையில் ஒரு சங்கு, மத்தியானம் ஒரு சங்கு, ராத்திரி ஒரு சங்கு. துணி காயப்போட்டால் மெல்லிய கறுப்புத் தூள் படியும். மழை பெய்தால் தெருவில் நிற்கும் தண்ணீரில் எண்ணெய் வானவில் மிதக்கும். தெருவில் பாதி வீட்டு ஆண்கள் ஒரே கம்பெனிக்குப் போனார்கள். அப்பா அங்கே பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். தகட்டை அச்சில் வைத்து ஒரே அடியில் சின்னச் சின்னப் பாகங்களாக வெட்டி எடுக்கும் இடம் அது. எதிர்வீட்டு மாமா அந்த ஷாப்பிலேயே பவர் பிரஸ் ஓட்டியவர். உறவெல்லாம் இல்லை. எதிர்வீடு, அதனால் மாமா. அவர் மனைவி அத்தை.

அத்தை நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தாள். இதைச் சாதாரணமாக எழுதிவிட்டேன், தெருவில் இதைச் சாதாரணமாக யாரும் சொன்னதில்லை. பட்டணத்துச் சபாக்களில் நாடகம் போடும் ஆண்கள் பலரும் பாங்கிலும் ஆபீசிலும் வேலை பார்ப்பவர்கள். தங்கள் வீட்டுப் பெண்களை மேடையேற்ற மாட்டார்கள். அம்மா வேஷத்துக்கும் மனைவி வேஷத்துக்கும் வெளியிலிருந்து பெண்களைக் கூலிக்குக் கூப்பிடுவார்கள். அத்தை அப்படிப் போகிறவள். வாரத்தில் ஓரிரு நாள் சாயங்கால ரயிலில் கைப்பையோடு கிளம்புவாள். திரும்பி வரும்போது காதோரம் கொஞ்சம் ரோஸ் பவுடர் மிச்சமிருக்கும்.

மாமா அதை மறைக்கவே இல்லை. "அவ நல்லா நடிக்கிறா, இன்னா தப்பு?" என்பார். அவருடைய அம்மாவுக்குத்தான் பொறுக்காது. மருமகள் கிளம்பும்போதெல்லாம் வாசலில் தண்ணீரை வேகமாக ஊற்றிக் கழுவுவாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அத்தையிடம் கருவேப்பிலை வாங்குவார்கள், சிரித்துப் பேசுவார்கள், அவள் உள்ளே போனதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருத்திதான், மறைப்பானேன்.

எனக்கு அத்தையை ரொம்பப் பிடிக்கும். தலைவாரிவிடும்போது ஒரு மகாராணி மாதிரியும், உடனே ஒரு பிச்சைக்காரி மாதிரியும் பேசிக் காட்டுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன்னோடு சபாவுக்கே கூட்டிப்போனாள். அம்மாவிடம் பொருட்காட்சி என்று மாமா ஏதோ பொய் சொல்லியிருந்தார்.

மேடைக்குப் பின்னால் மேக்கப் போடும் அறை. தேங்காய் எண்ணெய், பவுடர், ஒட்டு மீசைக்குப் போடும் பசை, எல்லாம் கலந்த ஒரு வாடை. ஒரே கண்ணாடி முன்னால் எல்லாரும் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைய நாடகத்தில் அத்தைக்கு, பாதியில் புருஷனை இழக்கும் பெண் வேஷம். ஒரு மூலையில் படுதாவை இழுத்துவிட்டுக்கொண்டு மாமாவும் அத்தையும் நின்றார்கள். நான் படுதாவுக்கு உள்பக்கம் இருந்தேன். மாமா கையைத் துடைத்துக்கொண்டு, அத்தையின் தாலிக்கயிற்றைத் தலைவழியாக மேலே தூக்கினார். அது கழுத்தை விட்டு வெளியே வருவதற்குள் ஒரு சுற்று அவள் மேல்கையில் விழுந்திருந்தது. அப்புறம் இன்னொரு சுற்று. மேலே வெள்ளைத் துணிக்கீற்று ஒன்றை இறுக்கிக் கட்டி ரவிக்கைக் கையை இழுத்து மூடினார்.

நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இன்னா பாப்பா அப்டி பாக்கற? உங்க அத்தைக்குத் தாயத்து கட்டிகினு கீறேன்" என்றார்.

அத்தை சிரித்தாள். "கழட்டறது இல்லடி. எடம் மாத்தறது. உடம்ப உட்டு எறங்கக்கூடாது. அதுவும் கட்னவரு கைதான் மாத்தணும், வேற கை படக்கூடாது."

இதற்காகவே அந்த நாடகம் நடக்கும் நாளெல்லாம் மாமா ஷிப்டு மாற்றிக்கொண்டு அவளோடு போவார். நாடகம் முடிந்ததும் அவரே அவிழ்த்து, அவரே கழுத்துக்கு மாற்றுவார். மேடையில் அறுக்கும் தாலி வேறு. அது பெட்டியில் கிடக்கும் மஞ்சள் நூல், ஒரு பித்தளைத் துண்டு. வேஷம் கட்டும் குடும்பங்களில் இப்படி ஏதாவது ஒரு ஏற்பாடு இருக்கும்போல. எங்கள் தெருவுக்கு அது தெரிய வழியில்லை.

அந்த வேஷத்துக்குத்தான் அத்தைக்குப் பரிசு கிடைத்தது. நாடகங்களுக்கென்று ஒரு விழா நடத்தி, சிறந்த நடிகர், சிறந்த நடிகை என்றெல்லாம் கொடுத்தார்கள். அதை டி.வி.க்காரர்கள் படம் பிடித்துப்போயிருந்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் டி.வி.யில் நாடகம் வருமே, அந்த நேரத்தில் ஒரு வாரம் நாடகத்துக்குப் பதிலாக இந்த விழா என்று சொன்னார்கள். அத்தை ஓடிவந்து எங்கள் வாசலில் நின்றாள். மூச்சு வாங்கியது.

"அண்ணி, நம்ம தெருவே பாக்கணும். உங்க ஊட்லதான் பாக்கணும். ஒரு தபா டி.வி.ல பாத்துட்டாங்கன்னா அப்பறம் எங்க மாமியா கூட வாயத் தொறக்க மாட்டாங்க."

அவள் கேட்டது அவ்வளவுதான். பணமோ நகையோ இல்லை. தான் செய்வது கேவலம் இல்லை என்று ஒரே ஒரு நாள் எல்லார் எதிரிலும் நிரூபணமாக வேண்டும். அது நடந்துவிட்டால் மீதி வாழ்க்கையை நிமிர்ந்து நடந்துவிடுவாள்.

எங்கள் வீட்டு டி.வி.யைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரப்பெட்டி, இரண்டு பக்கமும் தள்ளும் கதவு, கறுப்பு வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமி கதை வரும்போது அம்மா அதன் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைப்பாள். சாமி திரையில் தோன்றும்போது கற்பூரம் காட்டுவாள். உங்கள் வீட்டிலும் காட்டியிருப்பார்கள், சிரிக்காதீர்கள். தெருப் பெண்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் வருவார்கள். திரையில் வருவது மேடையில் செய்வது, எங்கேயோ யாரோ பிடித்த படம் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கும்பிட்டார்கள். கும்பிட்டுப் பழகிய கண்ணால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமையும் பார்த்தார்கள்.

அன்று அத்தை கல்யாணப் பட்டு கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள். கையில் பரிசுக் கேடயம். மரப்பலகையில் பித்தளைத் தகடு, நடுவில் நர்த்தனம் ஆடும் ஒரு சின்னப் பொம்மை. அம்மாவே அதை வாங்கி டி.வி. மேல் பின்னல் துணி விரித்து வைத்தாள். பெண்கள் தரையில், ஆண்கள் வாசற்படியில். மாமா அப்பாவுக்குப் பக்கத்தில், சட்டைக்குப் பித்தான் எல்லாம் போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மா கூட வந்திருந்தாள். அத்தைக்கு அதில்தான் பெரிய சந்தோஷம். மூன்றாம் வீட்டு டீச்சர் குடை, பை எல்லாவற்றோடும் நேரே பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சுவரோரம் நின்றாள். அவர்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். டீச்சர் நெற்றியில் பொட்டு இருக்காது, கழுத்தில் மெல்லிய சங்கிலி மட்டும்.

விழா ஆரம்பித்தது. ஒரு பெரியவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார்.

"இன்னா இது, இவரே பேசிகினு கீறாரு. நம்ம பொண்ண எப்ப காட்டுவாங்க?" என்று வாசற்படியிலிருந்து ஒருவர் கேட்டார்.

"அந்தாளு வச்சிகீறது விக்கு. நல்லா பாரு, ஒரு பக்கம் தூக்கிகினு கீது" என்று இன்னொருவர் கண்டுபிடித்தார். எல்லாரும் சிரித்தோம். சிறந்த நகைச்சுவை நடிகர் கால் தடுக்கி மேடையேறினார், அதற்கும் சிரித்தோம். யாருக்கோ சால்வை போர்த்தினார்கள். அம்மா எழுந்து போய் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சிறந்த நடிகை" என்று அறிவிப்பாளர் சொன்னதும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. பெயரைச் சொல்வதற்கு முன்னால், "இதோ அந்த நாடகத்திலிருந்து ஒரு காட்சி" என்றார்கள்.

காட்சி வந்தது. வெள்ளைப் புடவையில் அத்தை. நாலு பெண்கள் சுற்றி நின்று வளையலை உடைத்தார்கள். ஒருத்தி பொட்டை அழித்தாள். இன்னொருத்தி கழுத்திலிருந்த மஞ்சள் நூலை இழுத்து அறுத்தாள். திரை முழுக்க அத்தையின் முகம், அதற்குக் கீழே வெறும் கழுத்து. அத்தை அழவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. இன்று யோசித்தாலும் சொல்கிறேன், அவ்வளவு நல்ல நடிப்பை நான் அப்புறம் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் நடிப்பு என்பதையே மறந்துபோனார்கள், அதுதான் அவளுக்கு வினையானது.

அத்தையின் பிடி தளர்ந்தது. "இத்த காட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாது" என்று மெதுவாகச் சொன்னாள். யாரிடம் சொன்னாளோ.

மாமாவின் அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "நிறுத்துப்பா அத்த" என்றாள் அப்பாவிடம்.

அப்பா எழுந்து குமிழைத் திருப்பினார். அறிவிப்பாளர் அத்தையின் பெயரில் முதல் எழுத்தை உச்சரித்திருந்தார். படம் சுருங்கியது. நடுவில் வெள்ளைப் புள்ளி நின்றது. அந்தப் புள்ளிக்குள் எங்கேயோ அத்தை மேடையேறிக்கொண்டிருந்தாள், கும்பிட்டுக்கொண்டிருந்தாள், கேடயத்தை வாங்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் அதுவும் அணைந்தது.

"செவ்வாக்கெழம. வெளக்கு வச்ச நேரம்" என்றாள் அம்மா. "சாமி வர்ற பொட்டி."

மாமா எழுந்து நின்றார். "அவ கழட்டவே இல்ல. நான்தான் கைல கட்னேன். ஒவ்வொரு தபாவும் நான்தான் கட்டுவேன். வோணும்னா இந்தப் பாப்பாவக் கேளுங்க."

"ஆமா, நான் பாத்தேன்" என்றேன். பொருட்காட்சிப் பொய் அப்போதுதான் வெளிப்பட்டது. அம்மா என் தலையில் ஒன்று வைத்தாள்.

"எல்லாரும் கண்ணால பாத்தோமேப்பா. கழுத்து மொட்டையா கீது. டி.வி. பொய் சொல்லுமா?" என்று ஒரு குரல் கேட்டது. மாமா மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். அத்தையின் கையில் கட்டியிருந்ததை மறைத்துக் கட்டியதும் அவர்தானே.

டீச்சர் மட்டும் சுவரோரத்திலிருந்து சொன்னாள். "நான் பொட்டே வைக்கறதில்ல. கழுத்துல கயிறும் இல்ல. எங்க வீட்டுக்காரர் நல்லாத்தானே இருக்காரு?"

"உங்களுக்கு வேற, டீச்சர்" என்றாள் அம்மா. அத்தோடு பேச்சு முடிந்தது. கூட்டம் கலைந்தது. அத்தை கேடயத்தை எடுக்காமலேயே போனாள்.

மறுநாள் காலையில் அம்மா மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து டி.வி.யை முழுக்கத் துடைத்தாள். திரையில் மஞ்சள் தீற்றல் காய்ந்து, பல நாள் செய்தி வாசிப்பவர் முகத்தில் மஞ்சள்காமாலை வந்தது போலிருந்தது. கேடயம் சாக்கில் சுற்றிப் பரணுக்குப் போனது.

அந்த வெள்ளிக்கிழமை மாமாவின் அம்மா இருவரையும் திருவேற்காட்டுக்குக் கூட்டிப்போனாள். அம்மன் முன்னால் புதுக் கயிறு கட்டவைத்து, இனி முகத்தில் அரிதாரம் பூசுவதில்லை என்று அத்தையைச் சத்தியம் செய்யவைத்தாள். அத்தை மறுப்பே சொல்லவில்லையாம். அன்றைக்கு அறையில் இருந்த முகங்களை நினைத்துப் பார்த்தால் எனக்கு அது புரிகிறது. அவளும் பயந்துவிட்டாள். கூட்டமாகச் சேர்ந்து ஒருத்தியைப் பயமுறுத்தினால் தப்பு செய்யாதவளுக்கும் பயம் வரும்.

அப்புறம் நாடகக்காரர்கள் ஒரு முறை தேடி வந்தார்கள். அத்தை கதவுக்குப் பின்னாலிருந்தே "ஒடம்பு சரியில்ல" என்று சொல்லி அனுப்பினாள். மாமா திண்டாடினார். அத்தையின் நாடகக் கூலி அந்த வீட்டில் வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தது, அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஒரு சாயங்காலம் அவர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி அப்பாவிடம் பேசினார்.

"சார், டபுள் ஷிப்டு இருந்தா நமக்குப் போடுங்க சார்."

"முடியுமாப்பா உன்னால? நின்னுகினே வேல."

"இன்னா பண்றது சார். சும்மாதான இருக்குது ஒடம்பு."

அப்பா போட்டுக்கொடுத்தார். உதவி என்று நினைத்துத்தான் செய்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனிக்கும் அந்த மாதம் அவசர ஆர்டர். மாமா ஒரு சங்குக்குப் போய் அடுத்த சங்கையும் தாண்டி வருவார். முகம் கறுத்து, கண் சிவந்து, என்னைப் பார்த்தால் கூட "இன்னா பாப்பா" என்று கேட்பது நின்றுபோனது.

நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த ஒரு நாள், கம்பெனி வண்டி தெருவில் வேகமாக வந்து எதிர்வீட்டின் முன்னால் நின்றது. பிரஸ்ஸில் மாமாவின் கை மாட்டிக்கொண்டது என்றார்கள். அத்தை இருந்த புடவையோடு வண்டியில் ஏறினாள். மாமா ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தார். கை போனாலும் உயிர் தங்கும் என்று முதலில் சொன்னார்கள். அப்புறம் புண் வழியாக ரண ஜன்னி கண்டுவிட்டது. தாடை இறுகி, கடைசி இரண்டு நாள் அவரால் பேசவே முடியவில்லையாம்.

எங்கள் தெரு அழுததா என்றால், அழுதது. ஆனால் அழுகைக்கு முன்னால் இன்னொன்று வந்தது. "அன்னிக்கே நெனச்சேன்" என்றாள் அம்மா. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் அன்றைக்கே நினைத்திருந்தார். செய்தி கேட்ட முகங்களில் துக்கத்தோடு ஒரு தெளிவும் இருந்தது. கணக்கு சரியாக வந்துவிட்ட தெளிவு. அந்த வயதில் அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது, இப்போதும் எரிச்சல் வருகிறது.

கம்பெனியில் விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். அப்பாவையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். ராத்திரி சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "மனசு சரியில்லாம இருந்தான்னு சொன்னேன். சம்சாரத்து விஷயம்னு சொன்னேன். எல்லாரும் அதேதான் சொன்னாங்க. எழுதிகினு போய்ட்டாரு."

விபத்து நடந்த அன்று அப்பா வீட்டுக்கு வந்து கழற்றிப்போட்ட காக்கிச் சட்டையை அம்மா துவைக்க எடுத்தாள். பையிலிருந்து ஒரு ரப்பர் பட்டை விழுந்தது. சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய பட்டை, வளையமாக முடிச்சுப் போட்டது, ஓரிடத்தில் பஞ்சர் ஒட்டிய சதுரம். புத்தகம் கட்ட அந்தக் காலத்தில் நாம் எல்லாரும் அதற்கு அலைவோமே. "எனக்கு" என்று பிடுங்கிக்கொண்டேன். அப்பா அதைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம், "வச்சிக்க" என்றார். அந்த வருஷம் முழுக்க என் புத்தகங்களை அதைப் போட்டுத்தான் கட்டிக்கொண்டு போனேன். தமிழ்ப் புத்தகத்தின் அட்டையில் அது ஒரு கிரீஸ் கோடு போட்டது. எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை.

பத்தாம் நாள் சடங்குக்குச் சுமங்கலிகளும் சின்னப் பெண்களும் போகக்கூடாது என்று எங்களைக் கதவடைத்து உள்ளே வைத்துக்கொண்டார்கள். டீச்சருக்கு அந்தத் தடை இல்லை, அவள் போனாள். நான் பெரியவளான பிறகு அவள்தான் சொன்னாள். கயிற்றை எடுக்க வேண்டிய பெண்களில் ஒருத்தி, "அவளே கழட்டட்டுமே, பழக்கம்தானே" என்றாளாம். யாரும் அவளை அதட்டவில்லையாம்.

அத்தை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாளாம். "எனக்குக் கழட்டத் தெரியாது. எடம் மாத்தத்தான் தெரியும். அதுவும் அவரு கையாலதான்."

மேடையில் ஒருத்தி பத்து முறை நடித்துப் பார்த்த துக்கம், நிஜமாக வரும்போது கொஞ்சம்கூடச் சுலபமாவதில்லை போலிருக்கிறது.

அத்தையை மாமாவின் அம்மா வைத்துக்கொள்ளவில்லை. வேப்பம்பட்டில் இருந்த அவளுடைய அண்ணன் வந்து கூட்டிப்போனார். போவதற்கு முன்னால் எங்கள் வாசலுக்கு வந்தாள். படியேறவில்லை, கேட்டுக்கு வெளியேயே நின்றாள். நெற்றி வெறுமையாக இருந்தது. நான் வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, அந்த ஷீல்டு கீதா உங்க ஊட்ல?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கதவருகில் வந்து நின்றிருந்தாள். அதை முந்தின வாரமே அம்மா பேரீச்சம்பழ வண்டிக்காரனிடம் போட்டிருந்தாள். பித்தளைக்கு நிறையப் பழம் கொடுத்தான் என்று சந்தோஷப்பட்டோம். நானும் தம்பியும் கொட்டையைத் துப்பிப் போட்டி வைத்தோம்.

"பரண்ல எலி தொல்ல, பழசெல்லாம் போட்டாச்சு" என்றாள் அம்மா. முகம் கொடுத்துச் சொல்லவில்லை.

"போவட்டும் அண்ணி" என்றாள் அத்தை. அப்புறம் என்னைப் பார்த்தாள். "நீ பாத்தியா பாப்பா, நான் அத்த வாங்கறப்ப?"

"டி.வி.ய நிறுத்திட்டாங்க அத்தை."

"ஆமா இல்ல" என்றாள். அவள் அண்ணன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் பின்னால் போனாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. வேப்பம்பட்டைத் தாண்டும் ரயிலில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பிளாட்பாரத்தைப் பார்ப்பேன்.

படிப்பு முடிந்து நானும் எஸ்டேட்டில்தான் வேலைக்குப் போனேன், ஒரு சின்னக் கம்பெனியில், சரக்கைச் சோதித்துப் பெட்டி போடும் வேலை. ஒரு நாள் ஏதோ கேட்பதற்காக பிரஸ் இருக்கும் பக்கம் போனேன். அந்த மெஷினில் இரண்டு பித்தான். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே இருக்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஒரு பித்தானின் மேல் சைக்கிள் ட்யூப் பட்டையை இழுத்து மாட்டியிருந்தது. அது அமுங்கியே கிடந்தது. ஓட்டுகிறவர் ஒரு கையால் தகட்டைத் தள்ளிக்கொண்டே இன்னொரு கையால் அடித்துக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"இது கட்லன்னா பீஸு கொறையும், அவுட்டு வராதுக்கா. சூப்பர்வைசரே கட்டிக் குடுப்பாரு."

நான் அங்கேயே நின்றுவிட்டேன். கையில் அந்த ரப்பரின் வழவழப்பு, பஞ்சர் ஒட்டிய சதுரத்தின் மேடு, எல்லாம் திரும்ப வந்தன. அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவை என்னால் திறக்க முடியவில்லை.

அப்பாவிடம் அதைக் கேட்க எனக்கு வருஷக்கணக்காகத் தைரியம் வரவில்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா இப்போது என்னோடு ஐயப்பன்தாங்கலில், அடுக்குமாடியில். எண்பதைத் தாண்டிவிட்டார். நாள் முழுக்க டி.வி. முன்னால்தான். சென்ற மாதம் ஒரு சாயங்காலம் ஏதோ விருது விழா ஓடிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் வாரத்துக்கு ஒரு விருது விழா, யாரும் எதையும் நிறுத்துவதில்லை. நானும் காய் நறுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டேன்.

"அப்பா, எதிர்வீட்டு மாமா மெஷின்ல ட்யூப் பட்டை கட்டியிருந்ததா?"

அவர் திடுக்கிடவில்லை. அதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி. ரிமோட்டைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எல்லா மெஷின்லயும்தாம்மா கட்டியிருந்தோம். பத்து மெஷினு. பத்துலயும் நான்தான் கட்னேன். அவன் ஒருத்தன் கைதான போச்சு? அப்ப காரணம் வேற இல்லியா? நீயும்தான பாத்த டி.வி.ல."

பொய் சொல்லவில்லை. மழுப்பவில்லை. இத்தனை வருஷமும் அவர் அதை நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கையோடு சாப்பிட்டார், தூங்கினார், எங்களைப் படிக்க வைத்தார், ரிட்டையர் ஆகி மாலை வாங்கிக்கொண்டார். அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அருவாமனையைத் தள்ளி வைத்தேன்.

திரையில் ஒரு நடிகையின் பெயரைச் சொன்னார்கள். அவள் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு படியேறினாள். அப்பாவுக்கு அலுப்பாக இருந்திருக்கும்போல, ரிமோட்டை நீட்டினார்.

"நிறுத்தாதீங்க" என்றேன்.

குரல் பெரிதாக வந்துவிட்டது. அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். அந்தப் பெண் யார் என்று எனக்குத் தெரியாது. அவள் பரிசை வாங்கி, கும்பிட்டு, ஏதோ பேசி, படியிறங்கிப் போய்த் தன் இடத்தில் உட்காரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.